ரெய்ஸ் பண்ணினால் ஸ்பீக்கரில் விசில்: ஃபில்டர் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கொங்கு_ஹேட்ச் எழுதியது:

வணக்கம். 2017 பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஹெட் யூனிட் (டாஷ்போர்டு ஸ்டீரியோ) போட்டிருக்கிறது. டிக்கியில் 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 4 ஓமில் சேனலுக்கு 60 வாட். முன் கதவுகளில் காம்பொனென்ட் (ட்வீட்டர் தனியாக வரும் ஸ்பீக்கர்), பின்னால் கோஆக்சியல் (ட்வீட்டரும் ஒன்றாகவே இருப்பது). ஒயரிங் கிட் 8 கேஜ், பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. ஆம்ப் எர்த் பின் சீட் போல்ட்டில்.

எஞ்சின் ஓடாதபோது சுத்தமாகப் பாடுகிறது. ஸ்டார்ட் ஆனதும் நாலு ஸ்பீக்கரிலும் மெல்லிய விசில். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் விசிலும் கூடவே ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. வால்யூமை 0-க்குக் கொண்டுபோனாலும் அதே அளவு. புளூடூத், யுஎஸ்பி, எஃப்எம் எதில் வைத்தாலும் வித்தியாசம் இல்லை. ஹெட்லைட்டும் பின்கண்ணாடி டீஃபாகரும் போட்டால் இன்னும் கூடுகிறது.

ஃபிட் செய்த கடையில் ஆர்சிஏ லைனில் (ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு போகும் கேபிள்) ஒரு ஐசொலேட்டர் மாட்டினார்கள். விசில் முக்கால்வாசி குறைந்தது, பேஸும் அதோடு போய்விட்டது. கழற்றி வைத்தாயிற்று. இப்போது பவர் லைனில் ஃபில்டர் போடலாம், அல்லது ஆர்சிஏவை மாற்றலாம் என்கிறார்கள். வாங்குவதற்கு முன் எது காரணம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மல்டிமீட்டர் இருக்கிறது, பார்க்கத் தெரியும்.


நாலு_ஓம் எழுதியது:

எதையும் வாங்காதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு.

ஆக்ஸிலரேட்டரோட ஏறி இறங்குற விசில்னா அது ஆல்டர்னேட்டர், நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில டைனமோ. உள்ளே உற்பத்தியாகறது மூணு ஃபேஸ் ஏசி. டயோட் பிளேட் அதை டிசி ஆக்குது, ஆனா வழவழன்னு இருக்காது, மேல சின்னச் சின்ன அலை ஓடிக்கிட்டே இருக்கும். 12 போல் ரோட்டர்னா ஒரு சுத்துக்கு 36 அலை. எஞ்சின் 800 ஆர்பிஎம்ல ஐடில் ஆகுது, புல்லி விகிதம் 2.5னு வைங்க, டைனமோ நிமிஷத்துக்கு 2000 சுத்து. கணக்குப் போட்டா 1200 ஹெர்ட்ஸ். 2500 ஆர்பிஎம்ல 3750 ஹெர்ட்ஸ். காது ரொம்பக் கூர்மையா கேக்கற இடமே அந்தப் பக்கம்தான். அதனால சில மில்லிவோல்ட் கலந்தாலே குத்தும். ஹெட்லைட், டீஃபாகர் போட்டா டைனமோ கூடுதல் கரன்ட் தரணும், அலையும் பெருசாகும். நீங்க பார்த்தது அதுதான்.

அலை எல்லா வண்டியிலயும் இருக்கு. அது பாட்டுக்குள்ள எந்த வழியா நுழையுதுங்கறதுதான் கேள்வி. வால்யூம் 0-லயும் அதே அளவுன்னு சொன்னீங்க பாருங்க, அது பெரிய துப்பு. சத்தம் வால்யூம் கண்ட்ரோலைத் தாண்டினதுக்கு அப்புறம் நுழையுது. அப்படின்னா ஹெட் யூனிட்டோட அவுட்புட் பகுதி, ஆர்சிஏ கேபிள், ஆம்ப், ஸ்பீக்கர் ஒயர், இந்த நாலுல ஒண்ணு. வால்யூமோட சேர்ந்து ஏறியிருந்தா ஆக்ஸ் கேபிள், ஃபோன் சார்ஜர்னு வேற பக்கம் தேடியிருக்கணும்.

நாலையும் பிரிக்க ஒரு சின்னச் சாமான் போதும். பழைய ஆர்சிஏ பிளக் ரெண்டு எடுத்து, நடு முள்ளையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால சால்டர் பண்ணி ஒண்ணாக்குங்க. மியூட்டிங் பிளக்னு பேர். சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல வெறும் பிளக் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், மத்த ஊர்ல எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் இருக்கும். ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டு, ஆர்சிஏவைக் கழட்டிட்டு, அந்த இடத்துல இதைச் சொருகுங்க. ஆம்ப் இன்புட்ல மட்டும். ஹெட் யூனிட் அவுட்புட்ல சொருகினா அவுட்புட் ஐசியை ஷார்ட் பண்ற மாதிரி.

இப்ப எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரெய்ஸ் பண்ணுங்க. விசில் அப்படியே இருந்தா ஆம்ப்போட பவர், எர்த், ரிமோட் ஒயர் (ஆம்ப்பை ஆன் பண்றது), ஸ்பீக்கர் ஒயர்ல தேடணும். நின்னுபோனா ஆம்ப்புக்கு முன்னாடி.

நின்னுபோச்சுன்னா அடுத்தது: 3.5 மி.மீ.ல இருந்து ஆர்சிஏ போற கேபிள் ஒண்ணு, அதுல உங்க ஃபோன். சார்ஜர்ல இல்லாம, தன் பேட்டரியில ஓடற ஃபோன். நேரா ஆம்ப் இன்புட்ல மாட்டிப் பாட்டு போடுங்க. விசில் இல்லைன்னா ஆம்ப் நல்லவன். அப்புறம் அதே ஃபோனை டாஷ்போர்டு பக்கம் கொண்டுபோய், ஹெட் யூனிட்ல இருந்து கழட்டின ஆர்சிஏ முனையில மாட்டுங்க. இப்ப விசில் வந்தா கேபிள் போற வழி தப்பு. இப்பவும் வரலைன்னா ஹெட் யூனிட்டும் அதோட எர்த்தும்தான் மிச்சம்.

ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழட்டி மாட்டும்போது ஆம்ப் ஆஃப்ல இருக்கணும். ஏன்னு பின்னால சொல்றேன்.


பழைய_கேசட் எழுதியது:

இவ்வளவு எதுக்கு? ஆர்சிஏவும் பவர் கேபிளும் ஒரே பக்கம் போட்டிருப்பாங்க. கார்பெட்டைத் தூக்கி ஆர்சிஏவை அந்தப் பக்கம் மாத்துங்க, முடிஞ்சது.


நாலு_ஓம் எழுதியது:

@பழைய_கேசட் ரெண்டும் தனித்தனியா போகணுங்கறது சரிதான். ஆனா கார்பெட்டைத் தூக்கறது அரை நாள் வேலை, சில் பிளேட் கிளிப் நாலு உடையும். அதுக்கு முன்னாடி ஒரு நீளமான ஆர்சிஏவை ஹெட் யூனிட்ல இருந்து சீட்டுக்கு மேலேயே போட்டு ஆம்ப் வரைக்கும் இழுத்துப் பாருங்க. அஞ்சு நிமிஷம். அதுலயும் விசில் வந்தா வழியை மாத்திப் பிரயோஜனம் இல்லை. பவர் கேபிளோட சேர்த்துச் சுத்திக் கட்டியிருந்தாலோ, ஃபியூயல் பம்ப் ஒயரை ஒட்டிப் போனாலோ கேபிள் சத்தத்தை வாங்கும்தான். ஆனா வால்யூம் 0-ல நாலு ஸ்பீக்கர்லயும் ஒரே அளவுல வர்ற விசில் பெரும்பாலும் எர்த் சமாச்சாரம். ஹெட் யூனிட்டுக்கு எர்த் டாஷ்போர்டுல ஓர் இடம், ஆம்ப்புக்கு டிக்கியில ஓர் இடம். நடுவுல இருக்கற பாடி தகரத்துல டைனமோ கரன்ட் ஓடறதால ரெண்டு எர்த்தும் ஒரே வோல்டேஜ்ல இருக்காது. ஆர்சிஏவோட வெளிச்சுத்து அந்த ரெண்டையும் இணைக்குது. வித்தியாசம் அந்த வழியா பாட்டுல கலந்துடும். ஆர்சிஏல பாட்டு 2 வோல்ட்னு வைங்க. 10 மில்லிவோல்ட் வித்தியாசம் கலந்தாலே 46 டெசிபல்தான் இடைவெளி. பாட்டு மெதுவா போற இடத்துல தெளிவா கேக்கும்.


டயோட்_பிளேட் எழுதியது:

நாலு_ஓம் சொன்ன வரிசைக்கு முன்னால் ஒன்று. டைனமோவே ஒழுங்காக இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். முதலில் எஞ்சின் ஓடாதபோது. 0 காட்ட வேண்டும். மலிவான சில மீட்டர்கள் டிசியையே ஏசி என்று தப்பாகக் காட்டும். 0 வரவில்லை என்றால் அந்த மீட்டர் இதற்கு உதவாது, அல்லது சிவப்பு லீடோடு தொடராக 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு 1500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் டைனமோவை விட்டுவிடலாம். 0.5 தாண்டினால் டயோட் ஒன்று போயிருக்கிறது. அப்போது விசில் மெல்லியதாக இருக்காது, கரகரப்பாக, கனமாக வரும். இரவு முழுக்க நின்றால் பேட்டரியும் இறங்கும். அந்த வண்டியில் ஆடியோ பக்கம் என்ன செய்தாலும் வீண்.

டிசியிலும் பாருங்கள். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி. புதிய வண்டிகள் சிலவற்றில் ஈசியூவே (எஞ்சின் கம்ப்யூட்டர்) சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும், 12 சொச்சத்துக்கு இறங்கினாலும் பயப்பட வேண்டாம், ஹெட்லைட் போட்டால் ஏறிவிடும். பேட்டரி முனையில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். அலையை விழுங்குவதே பேட்டரிதான். கிழடான பேட்டரியும் தளர்ந்த முனையும் அதை அப்படியே விட்டுவிடும்.

விசில் இல்லாமல் 'டிக் டிக்' என்று எஞ்சின் வேகத்தோடு வந்தால் அது பிளக். ரெசிஸ்டர் இல்லாத ஸ்பார்க் பிளக், விரிசல் விட்ட பிளக் ஒயர். ரெசிஸ்டர் பிளக்குக்குள் சுமார் 5000 ஓம் இருக்கும், என்ஜிகே பிளக் என்றால் எண்ணுக்கு நடுவில் 'ஆர்' எழுத்து இருக்கும். டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.


கொங்கு_ஹேட்ச் எழுதியது:

எல்லாம் பார்த்தாயிற்று. அளவுகள் கீழே.

பேட்டரியில் ஏசி: எஞ்சின் ஆஃப் 0, ஓடும்போது எல்லா லோடும் போட்டு 0.03 வோல்ட். டிசி 14.1.

மியூட்டிங் பிளக் போட்டதும் விசில் சுத்தமாக நின்றுவிட்டது. ஃபோனை நேராக ஆம்ப்பில் மாட்டினால் விசில் இல்லை. அதே ஃபோனை கார் சார்ஜரில் சொருகியதும் விசில் வந்தது, எடுத்ததும் போனது. ஃபோனை டாஷ்போர்டு பக்க ஆர்சிஏ முனையில் மாட்டினாலும் விசில் இல்லை. ஆக கேபிள் வழி சரிதானே?

இன்னொன்று. சீட் போல்ட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று ஓம் வைத்துப் பார்த்தேன், 0.3 ஓம் காட்டியது. கடையில் 0.5-க்குக் கீழே இருந்தால் போதும் என்றார்கள்.


நாலு_ஓம் எழுதியது:

அருமை. கேபிள் வழி சரிதான், கார்பெட் பிழைச்சுது. சார்ஜர் சொருகினதும் வந்துச்சுன்னா, டாஷ்போர்டு எர்த்துக்கும் டிக்கி எர்த்துக்கும் நடுவுல வித்தியாசம் இருக்குங்கறது உறுதி.

0.3 ஓம் கணக்கை மறந்துடுங்க. உங்க மீட்டரோட ரெண்டு லீடையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுப் பாருங்க, அதுவே 0.2, 0.3 காட்டும். நீங்க அளந்தது லீடை. எர்த்தை ஓம்ல அளக்க முடியாது, கரன்ட் ஓடும்போது வோல்ட்லதான் அளக்கணும். எஞ்சின் ஓடட்டும், பாட்டு சத்தமா போகட்டும். மீட்டர் டிசி வோல்ட்ல. கறுப்பு லீடு பேட்டரி மைனஸ் முனையில (நீள ஒயர் ஒண்ணு வேணும்), சிவப்பு ஆம்ப்போட எர்த் ஸ்க்ரூ தலையில. மொத்தம் 0.1 தாண்டக்கூடாது. தாண்டினா பிரிச்சுப் பாருங்க: ஆம்ப் ஸ்க்ரூல இருந்து போல்ட் பக்கத்துல சுரண்டின வெறும் தகரம் வரைக்கும் எவ்வளவு, தகரத்துல இருந்து பேட்டரி மைனஸ் வரைக்கும் எவ்வளவு. முதல் அளவு பெருசா இருந்தா உங்க எர்த் பாயின்ட், ரெண்டாவது பெருசா இருந்தா பேட்டரியில இருந்து பாடிக்கு வர்ற கறுப்பு கேபிள்.

இதோட ஹெட் யூனிட்டையும் வெளியே இழுங்க. பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, பின்னாடி இருக்கற எல்லா ஆர்சிஏவையும் எடுத்துட்டு, மெயின் சாக்கெட்டையும் எடுத்துட்டு, மீட்டரைக் கண்டினியுட்டில (இணைப்பு இருந்தா பீப் அடிக்கற இடம்) வைங்க. கறுப்பு ஒயர் வர்ற பின்னுக்கும் ஹெட் யூனிட்டோட தகரப் பெட்டிக்கும் பீப் வரணும். அதே பின்னுக்கும் ஆர்சிஏ சாக்கெட்டோட வெளி வளையத்துக்கும் பீப் வரணும். ஆர்சிஏவைக் கழட்டாம பார்த்தா ஆம்ப் வழியா சுத்திவந்து பொய் பீப் கொடுக்கும், அதனால கட்டாயம் கழட்டுங்க.


யாழ்_வயரிங் எழுதியது:

இவருக்கு இது பொருந்தாது, ஆனால் தேடி வாறவைக்கு உதவும். சத்தம் எஃப்எம் கேக்கேக்க மட்டும் வந்து, புளூடூத்திலை வராட்டில், ஆம்பையோ ஆர்சிஏவையோ தொடாதேங்கோ. அது அன்ரெனா வழியாலை வாறது. இங்கை யப்பான் வாகனங்கள் கனக்க. அங்கத்தைப் பழைய ரேடியோ 76இலை இருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான் எடுக்கும் எண்டு, அன்ரெனா வயருக்கு நடுவிலை பாண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு ஒரு சின்னப் பெட்டி போட்டிருப்பினம். அதுக்கு ஒரு பவர் வயரும் எர்த்தும் இருக்கு. அந்த எர்த் சும்மா ஏதாவது பிளாஸ்டிக் ஸ்குரூவிலை மாட்டியிருந்தால் எஞ்சின் சத்தம் முழுக்க ரேடியோவிலை கேக்கும்.

அன்ரெனா பிளக்கைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ. சத்தம் நிண்டால் அந்த வழிதான். கூரையிலை அன்ரெனா அடியிலை கறள் பிடிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ. பிறகு மலிவான ஃபோன் சார்ஜர், டாஷ் காம், எல்இடி ஹெட்லைட் பல்ப், இதுகளை ஒவ்வொண்டாக் கழட்டிப் பாருங்கோ. எஞ்சின் வேகத்தோடை ஏறாமல் ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' எண்டு இருந்தால் அநேகமா இதிலை ஒண்டுதான்.


கொங்கு_ஹேட்ச் எழுதியது:

ஆம்ப் ஸ்க்ரூவிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.38 வோல்ட். பிரித்துப் பார்த்ததில் ஆம்ப்பிலிருந்து சுரண்டிய தகரம் வரை 0.29, அங்கிருந்து பேட்டரி வரை 0.09. டிசி கிளாம்ப் மீட்டர் கிடைத்தது, அப்போது ஓடியது 12 ஆம்பியர்.

ஹெட் யூனிட்: கறுப்பு பின்னுக்கும் பெட்டிக்கும் பீப் வருகிறது. ஆர்சிஏ வளையத்துக்கு வரவில்லை! நாலு சாக்கெட்டிலும் இல்லை. ஆனால் பாட்டு நன்றாகத்தானே வருகிறது?


நாலு_ஓம் எழுதியது:

ரெண்டு கோளாறு. ரெண்டாவதைப் பண்ணினதே முதலாவதுதான்.

12 ஆம்பியருக்கு 0.29 வோல்ட்னா 24 மில்லிஓம். ஒழுங்கா இறுக்கின எர்த் 1 மில்லிஓம் கூட இருக்காது. சீட் போல்ட்டுல பெயின்ட் இருக்கும், மரையில லாக் பசை இருக்கும், அடியில வெல்ட் நட்டு. அது சீட்டைப் பிடிக்கறதுக்கு, கரன்ட் போறதுக்கு இல்லை. (சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் யாரும் எப்பவும் எர்த்துக்காகக் கழட்டாதீங்க. அது உயிர் சம்பந்தப்பட்டது.)

இப்ப ஹெட் யூனிட். ஆர்சிஏ வளையத்தை உள்ளே எர்த்தோட சேர்க்கறது பல செட்டுல அரிசி அளவு ஃபியூஸ் ஒண்ணு, பிகோ ஃபியூஸ்னு சொல்வாங்க. சிலதுல வெறும் மெல்லிய செம்புக் கோடு. ஆம்ப்போட எர்த் மோசமா இருந்தா, ஆம்ப் கரன்ட் திரும்பிப் போக வேற வழி தேடும். ஆம்ப்புக்குள்ள ஆர்சிஏ வளையமும் எர்த்தும் நேரடியா சேர்ந்திருந்தா அந்த வழி ஆர்சிஏ கேபிள்தான். ஆம்பியர் கணக்குல ஓடற கரன்ட் அந்த அரிசி ஃபியூஸ் வழியா போனா ஒரு நொடியில போயிடும். ஆம்ப் ஆன்ல இருக்கும்போது ஆர்சிஏவைச் சொருகிக் கழட்டினாலும் இதே கதி. ஆஃப் பண்ணச் சொன்னது இதுக்காகத்தான்.

ஃபியூஸ் போனா பாட்டு நிக்காது, அதனாலதான் யாரும் சந்தேகப்படறதில்லை. சிக்னல் திரும்பி வர ஆர்சிஏ வளையம் இல்லைன்னா, ஆம்ப் எர்த், பாடி, டாஷ்போர்டு எர்த்னு வண்டி முழுக்கச் சுத்தி வந்துடும். ஆனா அந்தச் சுத்துவழியில டைனமோ அலை மொத்தமும் கூடவே ஏறிக்கும்.

உறுதிப்படுத்த: எல்லாத்தையும் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விசில் கேக்கும்போது ஒரு துண்டு ஒயரோட ஒரு முனையை ஆர்சிஏ பிளக்கோட உலோக வளையத்துலயும் இன்னொண்ணை ஹெட் யூனிட் பெட்டியோட பின்பக்க ஸ்க்ரூலயும் தொடுங்க. டக்குனு குறையணும். ஆனா அந்த ஒயரை அப்படியே கட்டிட்டு விட்டுடாதீங்க. ஆம்ப் எர்த்தைச் சரி பண்ணாம கட்டினா, இந்தத் தடவை எரியறது போர்டுல இருக்கற செம்புக் கோடு.

அதனால முதல்ல எர்த். டிக்கித் தரையில வெறும் தகரம் இருக்கற இடம், ஆம்ப்ல இருந்து 45 செ.மீ.க்குள்ள. ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க, பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், ஒயர் கட்டு எதுவும் இருக்கக்கூடாது. 25 மி.மீ. வட்டத்துக்குப் பெயின்ட்டை உப்புத்தாளால சுரண்டுங்க, தகரம் பளபளன்னு தெரியணும், வெறும் பெயின்ட் மங்கினா போதாது. எம்8 போல்ட், லக் (ஒயர் முனையில மாட்டற வளையம்) நேரா தகரத்துல உக்காரணும், அதுக்கு மேல ஸ்டார் வாஷர், நட்டு. லக்கை கிரிம்ப் டூல்ல அழுத்துங்க, கட்டிங் பிளேயர்ல நசுக்கறது ஆகாது. இறுக்கினதுக்கு அப்புறம் மேலயும் அடியிலயும் பெயின்ட் அடிச்சுடுங்க, இல்லைன்னா ஒரு மழைக்காலம் தாங்காது.

அப்புறம் ஹெட் யூனிட்டைப் பிரிச்சு ஃபியூஸ் மாத்தலாம். எஸ்எம்டி (போர்டுல பொடி பாகங்களைச் சால்டர் பண்ற) வேலை தெரிஞ்ச மொபைல் ரிப்பேர் கடையே பண்ணிடும். செட்டுக்கு வாரன்ட்டி இருந்தா பிரிக்காதீங்க. ஆர்சிஏ வளையத்துல இருந்து பெட்டி ஸ்க்ரூக்கு ஒரு குட்டி ஒயர் போட்டாலே வேலை முடியும்.


டயோட்_பிளேட் எழுதியது:

0.09 பற்றி யாரும் பேசவில்லையே. அது மோசமில்லை, ஆனால் பானட்டைத் திறந்தபோதே பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு வரும் கேபிளின் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் பட்டை வரும், அதையும்.

இன்னொன்று, அந்த 8 கேஜ் கேபிளின் முனையில் ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் சிசிஏ, அதாவது அலுமினியத்துக்குச் செம்பு முலாம். செம்பு 8 கேஜ் மீட்டருக்கு 2 மில்லிஓம், 5 மீட்டருக்கு 10. ஆம்ப் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் விழும். சிசிஏ என்றால் அதுவே ஒன்றரை மடங்கு. விசிலுக்கு இது காரணமில்லை, ஆனால் லக்கில் அலுமினியம் நாளடைவில் தளரும், சூடாகும். செம்பு 4 கேஜ் (எண் குறைந்தால் கேபிள் தடிமன் கூடும்) போட்டால் இந்தக் கவலை இல்லை. எதைப் போட்டாலும் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், ஃபியூஸ் அளவு கேபிள் தாங்கும் கரன்ட்டைத் தாண்டக்கூடாது.


பழைய_கேசட் எழுதியது:

கார்பெட்டை நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஐசொலேட்டர் போட்டதும் ஏன் குறைஞ்சுது? பேஸ் ஏன் போச்சு?


நாலு_ஓம் எழுதியது:

ஐசொலேட்டருக்குள்ள இருக்கறது குட்டி டிரான்ஸ்ஃபார்மர். ரெண்டு பக்க எர்த்தையும் வெட்டிவிடுது, அதனால சத்தம் போற வழி அடைபடுது. ஆனா ஃப்ரீக்வென்சி குறையக் குறைய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பெரிய இரும்புக் கரு வேணும். சுண்டுவிரல் அளவு கருவால 50 ஹெர்ட்ஸைத் தூக்க முடியாது, கரு நிறைஞ்சு போய் பேஸ் சுருங்கும், உடையும். ஃபோனைச் சார்ஜ்ல போட்டுக்கிட்டே ஆக்ஸ்ல பாட்டு கேக்கறவங்களுக்கு அது நல்ல தீர்வு. சப்வூஃபர் லைன்ல போடவே கூடாது. கடைக்காரங்க சொன்ன பவர் லைன் ஃபில்டர் இந்தக் கேஸ்ல ஒண்ணுமே பண்ணியிருக்காது, சத்தம் மஞ்சள் ஒயர் (ஹெட் யூனிட்டுக்கு பேட்டரி பவர் கொண்டுவர்றது) வழியா வரலையே.


கொங்கு_ஹேட்ச் எழுதியது:

எர்த் மாற்றியாயிற்று. அதே வால்யூமில் ஆம்ப்பிலிருந்து பேட்டரி வரை இப்போது 0.07. அது மட்டும் செய்தபோது விசில் பாதிதான் குறைந்தது. ஆர்சிஏ வளையத்திலிருந்து பெட்டிக்கு ஒயர் போட்டதும் போய்விட்டது, டீஃபாகர் போட்டாலும் இல்லை. கேபிள் சிசிஏதான், செம்பு 4 கேஜ் வாங்கப் போகிறேன்.

இப்போது எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ட்வீட்டரில் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் இருக்கிறது. ஆம்ப் கெயின் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறது. அதனாலா?


நாலு_ஓம் எழுதியது:

அதனாலதான். ஹெட் யூனிட் பெட்டியில 4 வோல்ட்னு போட்டிருந்தாலும் நிஜத்துல அவ்வளவு வராது. ஹெட் யூனிட் 2 வோல்ட் தர்ற இடத்துல 0.5 தந்தா, கெயினை 4 மடங்கு ஏத்தணும், 'ஸ்ஸ்' 12 டெசிபல் கூடும். அதனால ஹெட் யூனிட்டை முடிஞ்ச அளவு உயர்த்தி, ஆம்ப்பை இறக்குங்க.

ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ல இருந்து கழட்டுங்க. ஈக்வலைசர் எல்லாம் 0, பேஸ் பூஸ்ட் ஆஃப், லவுட்னஸ் ஆஃப். கெயின் மொத்தமா கீழே. 0 டெசிபல்ல பதிஞ்ச 400 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை யுஎஸ்பியில போடுங்க. 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர் பலதும் 400-க்கு மேல தப்பாக் காட்டும். வால்யூம் 40 வரைக்கும்னா 30-ல நிறுத்துங்க. மீட்டரை ஏசி வோல்ட்ல ஆம்ப்போட ஸ்பீக்கர் டெர்மினல்ல வைச்சு கெயினை மெதுவா ஏத்துங்க. 60 வாட், 4 ஓம், பெருக்கினா 240, வர்க்கமூலம் 15.5. மீட்டர் 15.5 காட்டற இடத்துல கையை எடுத்துடுங்க. 30-ல 15.5 வரவே மாட்டேங்குதுன்னா ஹெட் யூனிட் அவுட்புட் பலவீனம், அதைக் கெயினால ஈடுகட்டாம கொஞ்சம் குறைவாவே விட்டுடுங்க.

ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி டோனை நிறுத்திடுங்க. மறந்தா ட்வீட்டர் போயிடும்.